லேபிளில் இல்லாத தழும்புகள்

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், மீன் ஏலம் போடுகிற இடத்தைத் தாண்டி, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தைலம் விற்றுக்கொண்டிருந்த அம்மாவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தைலக்காரம்மா, அவ்வளவுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், படகு தள்ளுகிறவர்கள், ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர்கள் எல்லோருடைய தோளிலும் முதுகிலும் அவர் தைலத்தின் வாசனை இருக்கும். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாம்பிராணிப் புகையையும் மீறிக்கொண்டு அந்த வாசனை வரும்.

ஒரு நாள் மூட்டைக்காரர் ஒருவர் பாதி காலியான சீசாவைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தம் போட்டார். தைலம் சுத்த ஏமாற்று, நோவு அப்படியே இருக்கிறது என்று தெருவே கேட்கக் கத்தினார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"இந்தாண்ட வா. குந்து. கொற கீதுன்னா என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

அவர் குந்தினார். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மண்ணாண்டயா வாங்கினே? என்னாண்டதானே வாங்கினே? மூஞ்சியப் பாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரல் பாதியாக இறங்கிவிட்டது. அம்மா சீசாவை வாங்கி முகர்ந்தார். தன் முழங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துவிட்டு, காய்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது நெசந்தான். இந்த வாட்டி ஓமம் கம்மியாப் பூட்ச்சு. வேற எடுத்துகினு போ."

வியாபாரத்தில் இருக்கிற ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டு நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை.

முகத்தைப் பார்த்துப் பேசு என்பதுதான் அவர் யாரிடமும் கேட்டது. அந்த முகம் பார்க்கச் சுலபமான முகமில்லை. சின்ன வயதில் அம்மை போட்டு, மழை விழுந்த கடற்கரை மணல் மாதிரி முகம் முழுக்கக் குழி. இடது கண் இமை பாதி தொங்கிப்போயிருக்கும். எங்கள் கோவிலில் அம்மைத் தழும்பு உள்ள பெண்கள் முக்காட்டை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொள்வார்கள். இவர் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முதல் வரிசையில் முழங்காலிட்டிருப்பார். புருஷன் படகுக்காரர், கடலில் போனவர். பிள்ளைகள் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் அப்போது ராயபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங்காரனாக இருந்தேன். படம் எடுத்த கண்ணாடித் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே ஒரு சாய்வு மேசையில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கிற கரும்புள்ளி, சுருக்கம், தழும்பை எல்லாம் அடைப்பதுதான் டச்சிங். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. எனக்கு இருபத்தாறு வயதிலேயே கழுத்து நோவு வந்துவிட்டது. அம்மாதான் ஒரு சீசா கொடுத்து, தோளோடு சேர்த்து எப்படித் தேய்க்க வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தார்.

ரங்கூனுக்குக் கப்பல் கப்பலாக ஆள் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள். கடையில் மாட்ட, விளம்பர நோட்டீசில் போட, சீசாவிலும் டப்பாவிலும் ஒட்ட அவர்களுக்குப் படம் வேண்டும். முதலாளி நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். "வியாபாரி படம்னா அவர் எப்படிப்பட்டவர்னு பார்த்த உடனே தெரியணும்" என்று அடிக்கடி சொல்வார். ஆனால் வருகிறவர்கள் அதற்கு விட்டால்தானே? கப்பல் சரக்குக் காண்டிராக்டர் ஒருவர் யாரிடமோ தூரதிருஷ்டிக் கண்ணாடி இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அரிசி மண்டிக்காரர் ஸ்டூடியோவில் கிடந்த தடித்த இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அந்த ஒரே புத்தகத்தோடு எடுத்த படம் ராயபுரத்தில் எத்தனை கடையில் தொங்கியது என்று எனக்கே தெரியாது.

தைலக்காரம்மா படம் எடுத்துக்கொள்ள வந்ததற்குக் காரணம் ஒரு கப்பல் சாரங்கு, மாலுமிகளுக்கு மேஸ்திரி மாதிரி. அவர் ரங்கூனுக்குச் சீசாக்களைக் கொண்டுபோய் விற்றுத் தருவார். அங்கே கண்டவர்களும் கண்டதை ஊற்றி இதே தைலம் என்று விற்கிறார்கள், ஒரு முகத்தை ஒட்டினால்தான் ஆகும் என்று அவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

"நான் ரங்கோனுக்குப் போவ முடியாது. என் மூஞ்சி போவட்டும்" என்றார் முதலாளியிடம். "கொற இருந்தா அங்க கீறவன் அதப் பாத்துத் திட்டட்டும்."

முதலாளி அவரை வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்தார். பின்னால் அரண்மனைத் தூண் வரைந்த திரை. கொஞ்சம் வலது பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினால் தொங்கிய இமை தெரியாது.

"எதுக்குத் திரும்பணும்? கடையில நான் திரும்பிகினா ஒக்காந்துகிறேன்?"

"லேபிள்ல அழகா வரும்மா."

"அழகா இருக்கிறவ எடுத்துக்கட்டும். நான் எப்டி ஒக்காந்து விக்கிறனோ அப்டி எடு சாமி."

முதலாளி சிரித்துவிட்டார். திரையைச் சுருட்டச் சொல்லி, வெறும் சாம்பல் துணியைத் தொங்கவிட்டார். கடையிலிருந்து மரப்பெட்டி வந்தது. அம்மா அதில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு காமிராவைப் பார்த்தார். மூட்டைக்காரரைப் பார்த்த அதே பார்வை. முதலாளி எண்ணி முடிக்கிற வரை கண் சிமிட்டவில்லை.

மறுநாள் நகல் ஒன்று போட்டுக் காட்டினோம். மருந்தில் கழுவாத நகல். பார்த்துச் சரி சொல்வதற்கு மட்டும்தான் அது, வெளிச்சம் பட்டால் நாளாக ஆகக் கறுத்துவிடும். அம்மா அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் அவர் பார்த்த தன் முதல் படம்.

"நான்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாக்க பயமா கீதா நைனா?"

"இல்லம்மா."

"அப்ப இதுவே போவட்டும். ஒரு குயி கொறையக் கூடாது."

நகலைத் தானே வைத்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கி, மடியில் செருகிக்கொண்டு போனார்.

இதற்கப்புறம் நடந்தது முழுக்க என் காரியம். லேபிள் அச்சடிக்க, தகட்டை பிளாக் செய்கிறவரிடம் அனுப்ப வேண்டும். தூசிப் புள்ளியை மட்டும் அடைத்து அனுப்பு என்று சொல்லிவிட்டு முதலாளி உடம்பு சரியில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நான் தூசியைத்தான் முதலில் அடைத்தேன். பிறகு மூக்கின் மேல் ஒரு குழியை அடைத்தேன். அது அவ்வளவு நன்றாக மறைந்தது. பக்கத்தில் இருந்ததையும் அடைத்தேன். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து அந்த முகத்தை முழுக்க நிரவினேன். நடுவில் கழுத்து வலித்தபோது அவர் கொடுத்த தைலத்தையே தேய்த்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். தொங்கிய இமையைக் கத்தி முனையால் சுரண்டிச் சரிசெய்தேன். கன்னத்தை வெளுப்பாக்கினேன். முடித்துப் பார்த்தபோது முப்பது வயதுப் பெண் ஒருத்தி மழமழவென்ற முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த வேலைகளிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தக் குழி விழுந்த முகம் எங்கள் ஸ்டூடியோவிலிருந்து போய் ஊரெல்லாம் ஒட்டப்படும் என்று நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு இருந்தது.

லேபிள் அச்சாகி வந்ததும் அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இது யாரு நைனா?"

"நீங்கதாம்மா."

"குயி எங்க?"

"பிளாக் போட்டு படத்தச் சின்னதாக்கறாங்கல்ல? அப்போ பொடிப் பொடிப் புள்ளியெல்லாம் அமுங்கிடும்மா. மெசினு அப்டி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பென்சில் சீவத் தொடங்கினேன். ஊரில் வேறு யாராக இருந்தாலும் 'இந்தாண்ட வா, என் மூஞ்சியப் பாத்து சொல்லு' என்றிருப்பார். என்னிடம் சொல்லவில்லை.

"மெசினா?" என்றார்.

"ஆமாம்மா."

"செரி. ஒனக்குத்தான் தெரியும். நீ இந்த வேலக்காரன்."

அவர் லேபிள் ஒட்டுவதைப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பசை தடவி ஒட்டி, கட்டைவிரலால் நீவி, "வந்துட்டா மவராசி" என்று சொல்லிச் சிரிப்பார். பக்கத்தில் மீன் விற்கிற பெண்களும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். வியாபாரமும் நன்றாகத்தான் போனது. சாரங்கு ஒவ்வொரு தடவையும் கூடுதலாகச் சீசா கேட்டார். நான் செய்ததுதான் சரி என்று ஒரு வருஷத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு கொத்தவால்சாவடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி துறைமுக வாசலுக்கு எதிரே கடை போட்டார். அதே அளவுச் சீசா. அதே லேபிள், எழுத்துக்கு எழுத்து, முகத்துக்கு முகம். இதோடு நின்றிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அவர் ஒரு பெண்ணையும் தேடிப் பிடித்துக்கொண்டுவந்து கடையில் உட்காரவைத்தார். சிவப்பாக, மழமழவென்று, லேபிளில் இருக்கிறவளின் தங்கை மாதிரி இருந்தாள். கப்பல் ஏறப் புதிதாக வருகிறவர்கள் லேபிளைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், வாங்குவார்கள்.

யாரோ வாங்கிக் கொடுத்த அந்தத் தைலத்தைத் தேய்த்த வெளியூர்ப் படகுக்காரர் ஒருவருக்குத் தோள் கொப்பளித்துவிட்டது. துறைமுக வாசல் கடையில் போய்க் கேட்டபோது, கல்மண்டபத்தில் தழும்பு மூஞ்சிக்காரி ஒருத்தி எங்கள் லேபிளைத் திருடிப் போலிச் சரக்கு விற்கிறாள், அது அங்கே வாங்கியதாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது மீன் வாங்க வந்தவன் அங்கேயே நின்றிருந்தேன்.

அம்மா எப்போதும் போலச் சொன்னார்: "குந்து. என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

அவர் சீசாவைத் தூக்கிப் பிடித்து லேபிளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் லேபிளைப் பார்த்தார்.

"உன் மூஞ்சி இதுல இல்லியே" என்றார்.

அம்மா முகத்தை அவர் பக்கம் இன்னும் நேராக நீட்டினார். கூட வந்தவர்கள் பெட்டியை உதைத்துக் கவிழ்த்தார்கள். சீசாக்கள் மீன் தண்ணீரில் உருண்டன. மீன்காரப் பெண்கள் கூச்சல் போட்டுத் துரத்தாவிட்டால் கையும் வைத்திருப்பார்கள். நான் மீன் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். பிராது கொடுத்திருப்பதாகவும், மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போவதாகவும் சொன்னார்.

"நீ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் நைனா. என்ன எடுத்த தகடு உள்ள கீதுல்ல?"

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன்.

தேடுவதற்கு ஒன்றுமில்லை. தகடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை யார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் பென்சில் வேலை அத்தனையும் தெரியும். பென்சிலைத் துடைத்தால் அடியில் அம்மாவின் முகம் வந்துவிடும். அவருக்கு அது போதும், வழக்கு முடிந்துவிடும். கூடவே, வேண்டாம் என்றவர் முகத்தை நான் மாற்றியதும், கேட்டபோது மெசின் மேல் பழி போட்டதும் வெளியே வரும். முதலாளி அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அவர் மருமகன் கடைக்குப் புதிது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

அன்று மத்தியானம் அந்தத் தகட்டை எடுத்துப்போய்க் கழுவுகிற தொட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் உடைந்துவிட்டது. துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பின்பக்கக் கால்வாயில் போட்டேன்.

விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் லேபிளை உயர்த்திப் பிடித்து, "உன் முகத்திலே இருக்கிற தழும்பு இதிலே எங்கேம்மா?" என்று கேட்டார்.

"சின்னதாக்கும்போது பூடும்னு அந்தத் தம்பி சொல்ச்சு" என்று அம்மா என்னைக் காட்டினார்.

பிறகு இடுப்பிலிருந்து ஒரு துணி மடிப்பை எடுத்துப் பிரித்தார். நாங்கள் கொடுத்த நகல். அவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்து, ஆசையாக எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் பட்டுப் பட்டு, மொத்தத் தாளும் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்துப்போயிருந்தது. அவர் அதை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார்.

"இதுல என் மூஞ்சி நல்லா இருந்திச்சி சாமி. இப்ப கொஞ்ச நாளா மங்கிகினே வருது. உத்துப் பாருங்க, தெரியும்."

மாஜிஸ்திரேட் உற்றுத்தான் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார். தகடு இருக்கிறதா?

"ஒடஞ்சி போச்சுங்க."

லேபிளில் இருப்பது இந்த அம்மாதானா?

என்னால் அந்த முதல் தகட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குழியாக வரைந்து காட்டியிருக்க முடியும்.

"ஸ்டூடியோவுக்கு நெறைய பேர் வர்றாங்க. நிச்சயமா சொல்ல முடியலீங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்காரப் பெண்கள் சொன்ன சாட்சியை வேண்டியவர்கள் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, பிராது நிரூபணமாகவில்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்த லேபிளை இனி ஒட்டக்கூடாது என்று அம்மாவுக்கு எச்சரிக்கையும் கிடைத்தது. வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவே நைனா, கண்ணாடி ஒடஞ்சா ஒடஞ்சதுதானே" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்.

கல்மண்டபத்தில் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் லேபிள் இல்லாமல் விற்றார். தெரிந்தவர்கள் வாங்கினார்கள். ஆனால் துறைமுக ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பவர்கள். புதிதாக வருகிறவர்கள், போலித் தைலம் விற்கிறவள் என்று விரல் நீட்டிவிட்டுப் போவார்கள். சாரங்கும் வருவதை நிறுத்திவிட்டார். கோவிலில் அம்மா பின்வரிசைக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முக்காட்டைக் கன்னம் வரை இழுத்து மூடியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பூசையில் நான் நற்கருணை வாங்கவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அப்புறம் அவர் காணாமல் போனார். எண்ணூரில் தூரத்துச் சொந்தம் இருப்பதாக மீன்காரப் பெண்கள் சொன்னார்கள்.

ஆறேழு வருஷம் கழித்து, எண்ணூரில் ஒரு உப்பளக் காண்டிராக்டரைக் குடும்பத்தோடு படம் எடுக்கப் போயிருந்தேன். அதற்குள் ஸ்டூடியோவை விட்டுப் பிரிந்து, சொந்தமாக நானே காமிராவும் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். வேலை முடிந்து ரயிலுக்கு நேரமிருந்ததால் கழிமுகத்துப் பக்கம் நடந்தபோது, மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர்களில் அம்மாவைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"நைனா! இன்னா இம்மாந்தூரம்?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். நன்றாக வயதாகியிருந்தது. மனைவி எப்படி இருக்கிறாள், குழந்தைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டார். தைலம் காய்ச்சுவதில்லையா என்று நான் கேட்டேன்.

"வுட்டுட்டேன். கருவாட்டுக்கு மூஞ்சி இன்னாத்துக்கு?" என்று சிரித்தார். பிறகு, நான் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார்:

"யாரயும் கொற சொல்றதுக்கில்ல நைனா. தப்பு என்னுதுதான். நான் பொறந்ததுலேந்து இந்த மூஞ்சிய யாரும் ஆசையாப் பாத்தது கெடயாது. அது ரங்கோன் வரைக்கும் போவட்டும்னு நெனச்சேன் பாரு, அந்த ஆங்காரம். அதுக்குத்தான் ஆண்டவரு அடிச்சாரு. சாமியார் கையில பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். வருசா வருசம் சொல்லிகினேதான் கீறேன். இருந்தாலும் மனசு ஆறல. நீ இன்னா சொல்றே? ஆங்காரந்தானே அது?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சுற்றிலும் யாரும் இல்லை. மாஜிஸ்திரேட் இல்லை, முதலாளியின் மருமகன் இல்லை. என் வேலை இனி யார் கையிலும் இல்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் என்னை அடித்திருக்கலாம், அழுதிருக்கலாம். ஒருவேளை முழங்கையில் தைலம் தேய்த்துக் காத்திருந்தது மாதிரிக் காத்திருந்துவிட்டு, போ என்று சொல்லியிருக்கலாம். எதுவானாலும், தான் செய்யாத பாவத்தை வருஷா வருஷம் சாமியாரிடம் கொண்டுபோவதை அன்றோடு விட்டிருப்பார்.

"ஆமாம்மா" என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதத்தான் நானும் நெனச்சேன்" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பார்த்துப் போ என்றார்.